பெயரும் பிறந்த தேதியும்

அந்த வீட்டின் மருமகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்கு எதைக் கொடுப்பதாக இருந்தாலும், கொடுக்கும் முன்பு அவருடைய பெயரையும் பிறந்த தேதியையும் கேட்பாள். கேட்ட பிறகுதான் கையை நீட்டுவாள். கொடுப்பது மாத்திரையா, மோரா, சீப்பா, செய்தித்தாளா என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டன்று.

அவள் செவிலியர் படிப்பை முடித்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. அங்கே அவளைச் சின்ன சிஸ்டர் என்று அழைத்தார்கள். படித்ததெல்லாம் மறந்துபோய்விடுமோ என்ற அச்சம் அவளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே பிடித்துக்கொண்டது. எனவே கற்ற பாடங்களை வீட்டிலும் விடாமல் பயின்றுவந்தாள். சாப்பாட்டு மேசையின் ஒரு காலுக்கு எலும்பு முறிவுக் கட்டு போட்டிருந்தாள். கணவன் பல நாள் காலையில் கண் விழிக்கும்போது அவனுடைய வலக்கை கழுத்திலிருந்து துணித் தூளியில் தொங்கிக்கொண்டிருக்கும். அவனும் நல்லவன், இடக்கையால் பல் துலக்கிவிட்டு வேலைக்குப் போவான்.

செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும் என்பதும் அவள் கற்ற பாடம். "கை கழுவறேன். கை துடைக்கறேன். கதவைத் திறக்கறேன்" என்று அவள் நடமாடும்போது, கண்ணை மூடிக்கொண்டிருப்பவர்களுக்கும் வீட்டில் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பெயர் கேட்கும் பழக்கத்தால் மகிழ்ந்தவர் மாமனார் ஒருவர்தான். ஓய்வு பெற்ற பிறகு அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆகவே மருமகள் தேநீரோடு வந்து நின்றால், அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பெயரையும் தேதியையும் கணீரென்று ஒப்பிப்பார். கேட்காத நேரங்களிலும் சிலமுறை ஒப்பிப்பார்.

மாமியாரின் கதை வேறு. மூட்டு வலிக்காக அவர் தினமும் காலையில் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். மருமகள் மாத்திரையோடு வந்து நிற்பாள். போர் மூளும்.

தேர்வு நாளன்றும் அப்படித்தான் மூண்டது. இளம் செவிலியர் கற்றதை நினைவில் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க, வெளியிலிருந்து ஓர் அதிகாரி அன்று மருத்துவமனைக்கு வருகிறார். தேறாதவர்கள் வார்டை விட்டுவிட்டு, மறுபடியும் பயிற்சிப் பள்ளிக்குப் போய் முதலாண்டுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வேண்டும்.

"அத்தை, உங்க பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க."

"நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாலேர்ந்து நான்தான் இங்க இருக்கேன். என்னைப் பார்த்து யாருன்னு கேக்கற."

"யாருன்னு கேக்கல அத்தை. நீங்கதானான்னு உறுதி பண்ணிக்கறேன்."

"ஏன், வேற யாராவது என் செருப்பை மாட்டிக்கிட்டு வந்து என் மூட்டு வலியையும் வாங்கிட்டுப் போயிடுவாங்களா?"

"பேரை வேணா விட்டுடலாம் அத்தை. தேதியை மட்டுமாவது சொல்லுங்க."

தேதி என்றதும் மாமியாரின் முகம் கடுகடுத்தது. "பேரைக் கேட்டாலும் பரவாயில்ல. தேதி உனக்கு எதுக்கு? எனக்கு மாத்திரையே வேண்டாம். வலி என்னோடது, நான் வெச்சுக்கறேன்."

கூடத்திலிருந்து மாமனார், "என் தேதியை வேணும்னா எழுதிக்கோம்மா" என்று குரல் கொடுத்தார்.

"உங்களை யாரும் கேக்கல. பேப்பரைப் படிங்க" என்றார் மாமியார். பிறகு மருமகளிடம் திரும்பி, "சரி, ஒரு நிபந்தனை. இன்னைக்குப் பொழுது சாயற வரைக்கும் யார்கிட்டயும் பேரும் தேதியும் கேக்க மாட்டேன்னு சொல்லு. அப்பத்தான் இதை முழுங்குவேன்" என்றார்.

"யார்கிட்டயும்னா, ஆஸ்பத்திரியிலயுமா?"

"யார்கிட்டயும்னா யார்கிட்டயும்தான். நாள் பூரா மத்தவங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தப் புத்தி வீட்டுக்கும் வருது."

சின்ன சிஸ்டர் தவித்தாள். வாக்குக் கொடுத்தால் பாடம் போகும். கொடுக்காவிட்டால் அத்தையின் மூட்டு போகும். நோயாளியின் நலமே முதல் என்பதும் பாடந்தானே. "கேக்கல அத்தை. சத்தியமா கேக்கல" என்றாள். மாமியார் மாத்திரையை விழுங்கினார். வாக்குக் கொடுத்த பதற்றத்தில் மருமகள், நாடி பார்ப்பதற்கென்று வாங்கிய கைக்கடிகாரத்தை மாத்திரை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டாள்.

விலங்குக் கதைகளில், பேசக் கூடாத நேரத்தில் வாயைத் திறந்த பிராணிகளே கெட்டுப்போகும். கேட்க வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு கெட்ட பிராணியைப் பற்றிக் கதை கட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சின்ன சிஸ்டர் கொஞ்சம் எச்சரிக்கையாக இருந்திருப்பாள்.

மருத்துவமனையில் தலைமைச் செவிலி காலையிலிருந்தே பம்பரமாகச் சுழன்றுகொண்டிருந்தார். எல்லாரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். பயிற்சி அறையின் வாசலில் வரிசையாக நின்ற இளம் செவிலியரில் சின்ன சிஸ்டர்தான் முதலில் நின்றாள்.

"பரீட்சை அதிகாரி ஐயா உள்ளதான் இருக்காரு. நானே கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சேன்" என்றார் பெரிய சிஸ்டர். "முதல் சோதனை, மயங்கிக் கிடக்கற ஆளு. போனதும் ஆரம்பிச்சுடணும். ஐயாவைப் பார்த்துப் பல்லைக் காட்டிட்டு நிக்காதே."

"மயங்கி விழறது நம்ம தோட்டக்காரர்தானே சிஸ்டர்?"

"அவரு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. போன தடவை அவரு நடிச்ச நடிப்புல ரெண்டு பொண்ணுங்க நிஜமாவே மயங்கிடுச்சு. இந்தத் தடவை அதிகாரியே ஆள் ஏற்பாடு பண்றாராம். போ, போ. நான் பிஸ்கட் வந்திருக்கான்னு பார்த்துட்டு வரேன்."

சின்ன சிஸ்டர் உள்ளே போனாள். அறையில் ஒரு கட்டில் இருந்தது. கட்டிலின் மேல், கழுத்தில் டை கட்டிய ஒருவர் வாயைப் பிளந்தபடி கிடந்தார். அருகில் ஒரு தோல்பை இருந்தது. வேறு யாரும் கண்ணில் படவில்லை. மூலையில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. அதிகாரி அதன் பின்னாலிருந்து கவனிக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். திரையைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தாள். திரை மின்விசிறிக் காற்றில் அசைந்தது. அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டாள்.

"கை கழுவறேன்" என்று திரைக்குக் கேட்கும்படி சொன்னாள். "நோயாளியை நெருங்கறேன். தோளைத் தட்டறேன். ஐயா, நான் பேசறது கேக்குதா?"

கிடந்தவர் திடுக்கிட்டு விழித்தார். "என்ன, என்னம்மா ஆச்சு?"

"நோயாளிக்கு நினைவு திரும்பிடுச்சு" என்று திரைக்கு அறிவித்தாள். அடுத்தது பெயரும் பிறந்த தேதியும். நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. மாமியாரின் முகம் எதிரே வந்து நின்றது. விழுங்கிக்கொண்டாள்.

"அடுத்ததை விட்டுட்டு, அதுக்கு அடுத்ததுக்குப் போறேன்" என்றாள்.

"யாரும்மா நீ? நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாது ஐயா."

"அப்ப கேக்க வேண்டியதுதானே?"

"கேக்கக் கூடாது."

"கேக்கக் கூடாதா? நான் யாருன்னு ஒரு வார்த்தை கேளும்மா. கேட்டா சொல்லிடறேன்."

"தயவு செஞ்சு வற்புறுத்தாதீங்க ஐயா. காலையிலதான் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

"சரி, நீ கேக்க வேண்டாம். நானே சொல்றேன். நான் வந்து…"

சொல்லியிருப்பார். அதற்குள் அவர் வாயில் வெப்பமானியை வைத்துவிட்டாள். "வாயை மூடிக்குங்க. கடிச்சுடாதீங்க. நாடி பார்க்கறேன்."

அப்போதுதான் கைக்கடிகாரம் வீட்டில் கிடப்பது நினைவுக்கு வந்தது. அண்ணாந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள். அந்தக் கடிகாரம் என்றைக்கோ நின்றுபோனது. பயிற்சி அறையில் நேரத்தோடு யாருக்கும் வேலை இல்லாததால், அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். நூறைத் தாண்டியது. இருநூறைத் தாண்டியது. நிமிடம் மட்டும் முடியவே இல்லை. இப்படி ஒரு நாடியை அவள் புத்தகத்தில் படித்ததும் இல்லை, வார்டில் கண்டதும் இல்லை.

"முந்நூத்தி பதினொண்ணு" என்றாள் திரையைப் பார்த்து. "இன்னும் போயிட்டே இருக்கு."

அந்த மனிதர் வெப்பமானியைப் பிடுங்கிவிட்டு எழ முயன்றார். முந்நூற்றுப் பதினொன்று ஓடும் நாடியோடு ஒருவரை எழ விடலாமா? அவள் அவரை அமுக்கிப் படுக்க வைத்தாள். அவர் கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்துக் கத்தினார்.

"கழுத்து அசையக் கூடாது. கழுத்துப் பட்டை போடறேன்" என்றாள். பட்டை தாடையை மேலே தள்ளியதால், அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் பல்லுக்குள்ளேயே நின்றுவிட்டது. கையை வீசினார். கைக்குத் தூளி கட்டினாள். மற்றக் கையையும் வீசினார். அதற்கும் கட்டினாள். காலை உதைத்தார்.

"நோயாளி ரொம்பக் குழம்பியிருக்காரு. காலுக்கு மட்டை வெச்சுக் கட்டறேன்" என்று திரையிடம் சொன்னாள். பிறகு குனிந்து அவர் காதருகே, "ஐயா, தோட்டக்காரரே உங்ககிட்டப் பிச்சை வாங்கணும். அப்படி நடிக்கறீங்க" என்று பாராட்டினாள். அந்த மனிதர் கண்களை மூடிக்கொண்டார்.

பிஸ்கட் தட்டோடு பெரிய சிஸ்டர் உள்ளே நுழைந்தார். கட்டிலைப் பார்த்தார். தட்டு கையிலிருந்து நழுவியது.

"என்னடி பண்ணி வெச்சிருக்கே?"

"எல்லாம் பண்ணிட்டேன் சிஸ்டர். பேரு ஒண்ணுதான் கேக்கல."

"அவரு யாருன்னு நினைச்சே?"

"மயங்கி விழ வந்தவரு."

"பரீட்சை வைக்க வந்தவருடி. நான் காலையில கூட்டிட்டு வந்து உட்கார வெச்ச அதிகாரி."

சின்ன சிஸ்டர் ஓடிப்போய்ப் பச்சைத் திரையை விலக்கினாள். பின்னால் ஒரு துடைப்பமும் வாளியும் இருந்தன. இவ்வளவு நேரமும் அவள் அவற்றிடம் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள்.

பெரிய சிஸ்டர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். தூளியின் முடிச்சை அவசரமாக வெட்டினார். முடிச்சு கழன்றது. அதோடு சேர்த்து முடிந்திருந்த டையின் கீழ்ப் பாதியும் வெட்டுப்பட்டு விழுந்தது. பெரிய சிஸ்டர் அதைக் கையில் எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல், மரியாதையாக மடித்து அவர் சட்டைப் பையில் செருகினார்.

"ஐயா மன்னிக்கணும். சின்னப் பொண்ணு. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். தாடை வலிக்கும்."

"மெத்தை…" என்றார் அவர் பல்லிடுக்கில்.

"தெரியும் ஐயா. குண்டும் குழியுமா இருக்கு. நீங்க சொல்றதுக்கு முன்னாலேயே மாத்தியிருக்கணும். எங்க தப்புதான்."

அந்த மனிதர் கண்ணைத் திறந்தார். "எத்தனை மாத்துவீங்க?"

"ஐயா எத்தனை சொல்றீங்களோ அத்தனை. வார்டு பூராவும் வேணும்னாலும் மாத்திடறோம்."

அதன் பிறகு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கழுத்துப் பட்டையைக் கழற்ற வந்தபோதுகூட, இருக்கட்டும் என்று கையசைத்துவிட்டார். அவருடைய முகத்தில் பரவிய அமைதியைப் பார்த்த பெரிய சிஸ்டருக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"போய் நல்ல டீயா வாங்கிட்டு வா" என்றார் சின்ன சிஸ்டரிடம் தாழ்ந்த குரலில். "வேற எதையும் தொடாதே. யாருக்கும் எதையும் கட்டாதே. நாளைக்கே உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிடுவாரு. நான் என்னத்தைச் சொல்லித் தடுக்க?"

அவள் சமையலறைக்குப் போய்த் தட்டு நிறையத் தேநீர்க் கோப்பைகளோடு திரும்பினாள். கண்ணீர் ஒரு கோப்பையிலும் விழாமல் இருக்கத் தலையை ஒருபுறம் சாய்த்துக்கொண்டு நடந்தாள். வாசலருகே பார்வையாளர் பெஞ்சைக் கடக்கும்போது ஒரு பழகிய குரல் கேட்டது.

"…மாத்திரை டப்பாவை எடுக்கும்போது ஒரு தடவை படிப்பா, பிரிக்கும்போது ஒரு தடவை படிப்பா, திரும்ப வைக்கும்போது ஒரு தடவை படிப்பா. கையைக் கழுவிக் கழுவியே எங்க வீட்டு சோப்பெல்லாம் தேஞ்சு போச்சுங்க. நான் என்ன பாவம் பண்ணினேன், சொல்லுங்க."

மாமியார்தான். பக்கத்தில், மடியில் துணிப்பையோடு அடக்கமாக அமர்ந்திருந்த ஒரு பெண்மணியிடம் மருமகளின் குறைகளை விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி "அப்படியா? அப்புறம்?" என்று ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு நல்ல செவி மாமியாருக்கு இதுவரை வாய்த்ததில்லை.

"அத்தை, நீங்க எங்க இங்க?"

"கடிகாரத்தை மறந்துட்டியே. அது இல்லாம நாடி பார்க்கத் தடுமாறுவியேன்னு கொண்டு வந்தேன். சாயந்தரம்தான் பார்க்க விடுவாங்கன்னு இங்க உட்கார வெச்சுட்டாங்க." பிறகுதான் அவர் மருமகளின் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, அழுதியா?"

அவள் தட்டை ஏந்தியபடியே நடந்ததைச் சொன்னாள். பெயர் கேட்காததையும், அதிகாரிக்குக் கையிலும் காலிலும் கட்டுப் போட்டதையும், டையின் கதியையும் சொன்னாள். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவரு யாருன்னு தெரிஞ்சிருக்கும். அவரே கேளு கேளுன்னு கெஞ்சினாரு அத்தை. உங்களுக்குக் கொடுத்த வாக்குக்காகக் கேக்கல. இனி வார்டு இல்ல. நாளையிலேர்ந்து பெஞ்சுதான்."

மாமியார் கைப்பையைத் திறந்தார்; மூடினார். மூட்டைத் தடவிக்கொண்டார்.

"தப்பு என்னோடது" என்றார் கடைசியில். "உன் வாக்கை உனக்கே திருப்பித் தரேன். நான் கேட்டிருக்கவே கூடாது. இப்ப அந்த டீயில ஒண்ணு எனக்கு. கொடுக்கறதுக்கு முன்னால கேக்க வேண்டியதைக் கேளு."

"வேண்டாம் அத்தை. பரவாயில்ல."

"கேளுன்னு சொல்றேன்ல."

"உங்க பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க."

மாமியார் தம் பெயரை உரக்கச் சொன்னார். தேதிக்கு மட்டும் மருமகளின் தோளைப் பிடித்துத் தம் பக்கம் இழுத்து, காதில் சொன்னார். தினமும் காலையில் மாமனார் கணீரென்று ஒப்பிக்கும் தேதி சின்ன சிஸ்டருக்கு மனப்பாடம். இரண்டையும் மனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய கண்கள் அகன்றன.

"அத்தை, அப்படின்னா நீங்க மாமாவை விட…"

"மூத்தவதான். நாலு மாசம். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவருக்குத் தெரியாம காப்பாத்திட்டு வரேன். நீ அவரு காதுல விழற மாதிரி சத்தமாக் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுவேன்? மன்னிச்சுக்கோம்மா. இனிமே தினமும் சொல்றேன். காதுல மட்டும் சொல்றேன். டீயைக் குடு."

மாமியார் கோப்பையை வாங்கிக்கொண்டு, கைக்கடிகாரத்தைத் தாமே மருமகளின் மணிக்கட்டில் கட்டிவிட்டார். தட்டில் இன்னும் கோப்பைகள் இருந்தன. பக்கத்திலிருந்த பெண்மணி காலையிலிருந்து ஒன்றும் குடிக்காதவரைப் போலத் தோன்றினார். வாக்கிலிருந்து விடுபட்ட மகிழ்ச்சியில், பழகிய நாக்கு தானாகவே திரும்பியது.

"அம்மா, உங்க பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க. அப்புறம் டீ தரேன்."

பெண்மணி துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "ரெண்டையும் சொல்றேம்மா. காலையில வாசல்ல கால் வெச்சதுலேர்ந்து, இங்க என்னை யாருன்னு கேட்ட முதல் ஆளு நீதான். உனக்கு மார்க் போட்டாச்சு. மீதிப் பாடத்தையும் நீ மறக்கலன்னு உங்க அத்தையே குறையாச் சொல்லிட்டாங்க."

"மார்க்கா? மார்க் போடற ஐயா உள்ள கழுத்துப் பட்டையோட உட்கார்ந்திருக்காரே."

"அவரு மெத்தை விக்க வந்தவரும்மா. உங்க பெரிய சிஸ்டர் எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் பார்த்தாங்க. டை கட்டினவரை உள்ள கூட்டிட்டுப் போனாங்க. பரீட்சை வைக்க வந்த என்னை, பார்வையாளர் நேரம் சாயந்தரம்தான்னு சொல்லி இங்க உட்கார வெச்சுட்டாங்க."